வாளியில் உப்புப் போடுமுன்: ரிக்ரெஷனுக்கான பரிசோதனை வடிவமைப்புகளைத் தாளிலேயே ஒப்பிடுவது எப்படி

பல வருடங்களுக்கு முன், திருகோணமலையில் குச்சவெளிப் பக்கம் ஒரு வாடியில் பன்னிரண்டு வாளி சாளை மீனை வைத்து ஒரு பரிசோதனை செய்தேன். கருவாட்டுக்குப் போடும் உப்பைக் கூட்டினால் மீன் எவ்வளவு கூடுதலாக நீரை விடும் என்பதுதான் கேள்வி. முதல் நாள் ஆறு வாளிக்குக் கிலோவுக்கு 100 கிராம் உப்புப் போட்டேன். மறுநாள் ஆறு வாளிக்கு 300 கிராம். காய்ந்த பிறகு நிறுத்துப் பார்த்தால், உப்புக் கூடிய மீன் நன்றாகவே எடை இறங்கியிருந்தது. கோடு அழகாக விழுந்தது. சந்தோஷத்தோடு குறிப்பேட்டை வாடியில் இருந்த அக்காவிடம் காட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, ரெண்டாம் நாள் கச்சான் அடிச்சதெல்லோ. அந்தக் காத்துக்கு உப்புப் போடாட்டிலும் மீன் காஞ்சிருக்கும்."

அவர் சொன்னது சரி. மேற்கிலிருந்து மலை தாண்டி வரும் கச்சான் காற்று எங்கள் கரைக்கு வரும்போது வறண்டு, சூடாக இருக்கும். உப்புக் குறைந்த வாளி எல்லாம் காற்றில்லாத நாளிலும், கூடிய வாளி எல்லாம் கச்சான் அடித்த நாளிலும் காய்ந்தன. எடை இறங்கியது உப்பாலா காற்றாலா என்று அந்தப் பன்னிரண்டு எண்களிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, எந்த மென்பொருளாலும் முடியாது. கணக்கில் பிழை இருக்கவில்லை. பிழை நடந்தது மீன் வாங்குவதற்கு முன்னால்.

புதிதாக ரிக்ரெஷன் படிப்பவர்கள் பெரும்பாலும் தரவு கைக்கு வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் விடை எவ்வளவு துல்லியமாக வரும் என்பதில் பெரும் பங்கு தரவு வருமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. அதைத் தாளில் கணக்குப் போட்டு முன்கூட்டியே பார்க்கலாம். இரண்டு மூன்று திட்டங்களை எழுதி, எது நம் கேள்விக்கு நல்லது என்று ஒரு மாலைப் பொழுதில் ஒப்பிட்டு விடலாம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் கையில் மீனுக்குப் பதில் நெல்லும் யூரியாவும் இருக்கலாம், பாலும் உறையும் இருக்கலாம். வழி ஒன்றுதான்.

ரிக்ரெஷனைப் பாடநூல்களில் பிற்செலவு என்று படித்திருப்பீர்கள். ஒரு மாறியை மாற்றினால் இன்னொன்று எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு கோட்டையோ வளைவையோ பொருத்துவது. இங்கே நாம் மாற்றுவது உப்பு, அளப்பது காய்ந்தபின் மீதமிருக்கும் எடைச் சதவீதம்.

முதல் படி: கேள்வியை ஒரே வசனத்தில் எழுதுங்கள்

"உப்பின் தாக்கத்தை ஆராய்தல்" என்று எழுதினால் போதாது. அதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. உப்பைக் கூட்டினால் எடை இறங்குகிறதா, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது? இது சாய்வைப் பற்றிய கேள்வி. ஓரளவுக்கு மேல் உப்புப் போட்டும் பிரயோசனம் இல்லாமல் போகிறதா? இது வளைவைப் பற்றியது. கிலோவுக்கு 180 கிராம் போட்டால் கடைசியில் எத்தனை சதவீதம் மிஞ்சும்? இது எதிர்வுகூறல். மூன்றுக்கும் நல்ல வடிவமைப்பு மூன்று விதம். இதை முடிவு செய்யாமல் "எந்த வடிவமைப்பு சிறந்தது" என்று கேட்பவருக்கு நான் பதில் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

இரண்டாம் படி: உங்கள் அலகு எது?

உப்பு வாளிக்குத்தான் போடப்படுகிறது. ஆகவே அலகு வாளிதான். ஒரு வாளியிலிருந்து இருபது மீனை எடுத்துத் தனித்தனியாக நிறுத்தால் இருபது தரவு கிடைத்தது போலத் தோன்றும். ஆனால் அந்த இருபதும் ஒரே உப்பில், ஒரே வாளியில், ஒரே இரவு கிடந்தவை. அந்த வாளிக்கு நடந்தது இருபதுக்கும் நடந்திருக்கும். சராசரி எடுத்து ஒரு எண்ணாக எழுதுங்கள். மாணவர்களின் அறிக்கைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். இருபதை இருபதாகவே எண்ணினால் நியமவழு, அதாவது விடை எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு, பொய்யாகச் சுருங்கி, இல்லாத தாக்கம் இருப்பதாகத் தெரியும்.

மூன்றாம் படி: வீச்சைத் தீர்மானியுங்கள்

உப்பின் ஆகக்குறைந்த அளவும் ஆகக்கூடிய அளவும் என்ன? 100 முதல் 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோடு ஒன்றைப் பொருத்தும்போது சாய்வின் மாறற்றிறன் இப்படி வரும்:

சாய்வின் மாறற்றிறன் = வழுவின் மாறற்றிறன் ÷ (ஒவ்வொரு வாளியின் உப்பும் சராசரி உப்பிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை)

மாறற்றிறன் என்பது, இதே பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் விடை எவ்வளவு ஆடும் என்பதன் அளவு. வழு என்பது, ஒரே உப்புப் போட்ட வாளிகளுக்கிடையிலும் வரும் வித்தியாசம். கீழே இருக்கும் கூட்டுத்தொகையைக் கவனியுங்கள். தூரம் வர்க்கமாகிறது. வீச்சை 150 முதல் 250 வரை எனப் பாதியாக்கினால் மாறற்றிறன் நான்கு மடங்காகும். அதே துல்லியத்தைத் திரும்பப் பெற நான்கு மடங்கு வாளி வேண்டும். மீன் விற்கும் விலையில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால் நடைமுறையில் அர்த்தமுள்ள மட்டும் வீச்சை அகலமாக எடுங்கள். ஆனால் யாருமே போடாத 600 கிராமுக்குப் போகவேண்டாம். அங்கே மீனின் நடத்தையே வேறாகிவிடும், நீங்கள் பொருத்தும் வளைவு இரண்டு பக்கத்துக்கும் பொய்யாகும்.

நாமே அளவைத் தெரிவு செய்ய முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பதைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் உணரலாம். ஏழு கிணறு, ஒன்றுக்கொன்று சூடு கொஞ்சம் வித்தியாசம். நீரின் சூடு ஏதாவது ஒன்றைப் பாதிக்கிறதா என்று அங்கே அளக்கப் போனால் இயற்கை தந்த ஏழு வெப்பநிலைதான் உங்களுக்கு. நெருங்கி இருக்கும் அந்த ஏழை விரிக்கவும் முடியாது, நடுவில் எட்டாவது ஒன்றைத் தோண்டவும் முடியாது. பரிசோதனை செய்பவருக்கு மட்டும்தான் தூரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது.

நான்காம் படி: மாதிரியை எழுதி, அளவைக் குறியீடாக்குங்கள்

நேர்கோடு போதுமா, இருபடி வளைவு வேண்டுமா? உப்பு விஷயத்தில் நான் இருபடியையே எழுதுவேன், ஏனென்றால் ஓரளவுக்கு மேல் உப்பின் வேகம் குறையும் என்று வாடியில் எல்லாருக்கும் தெரியும். இருபடிக்கு மூன்று குணகங்கள்: மாறிலி, சாய்வு, வளைவு.

கிராமிலேயே கணக்குப் போட்டால் எண்கள் பெரிதாகி உப்பும் உப்பின் வர்க்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே 100 கிராமை −1, 200 ஐ 0, 300 ஐ +1 என்று மாற்றிக்கொள்ளுங்கள். 150 என்றால் −0.5, 250 என்றால் +0.5. உப்பிலிருந்து 200 ஐக் கழித்து 100 ஆல் வகுத்தால் வரும்.

ஐந்தாம் படி: திட்டங்களை எழுதி ஒப்பிடுங்கள்

இதுதான் நடுநாயகமான படி, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

குணகங்களின் மாறற்றிறன்களுக்கான பொதுச் சூத்திரத்தில் இரண்டே விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று வழுவின் மாறற்றிறன், மற்றது நாம் தெரிவு செய்த உப்பு அளவுகளால் ஆன ஒரு தாயத்தின் (வரியும் நிரலுமாக அடுக்கிய எண்களின்) நேர்மாறு. மீனின் எடை அதில் எங்கேயும் இல்லை. அதனால்தான் ஒரு மீனைக்கூட வாங்காமல் இரண்டு திட்டங்களை ஒப்பிட முடிகிறது. வழுவின் மாறற்றிறன் எல்லாத் திட்டத்துக்கும் பொது, ஆகவே ஒப்பிடும்போது அதை 1 என்று வைத்துவிடலாம்.

இந்த யோசனை நூறு வருடத்துக்கும் பழையது. டென்மார்க்கைச் சேர்ந்த கிர்ஸ்டின் ஸ்மித் என்ற பெண் 1918 இல் பல்லுறுப்பு வளைவுகளுக்கு எந்தப் புள்ளிகளில் அளந்தால் எதிர்வுகூறல் மிகத் துல்லியமாக இருக்கும் என்று ஆறாம் படி வரைக்கும் கணக்குப் போட்டு வெளியிட்டார். கணினி இல்லாத காலம், எல்லாம் கையால். அந்தக் கணக்குகளை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது.

சரி, நம் பன்னிரண்டு வாளிக்கு வருவோம். ஐந்து திட்டம் எழுதுகிறேன்.

முதல் திட்டம், இரண்டு நுனி: 100 இல் ஆறு, 300 இல் ஆறு. நேர்கோடுதான் உண்மை என்றால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கூட்டுத்தொகை 12, சாய்வின் மாறற்றிறன் 12 இல் ஒரு பங்கு, அதாவது 0.083. ஆனால் நடுவில் ஒரு வாளியும் இல்லாததால் வளைவைக் கணக்கிடவே முடியாது. வளைவு இருக்கிறதா என்று சந்தேகப்படக்கூட வழியில்லை. அக்கா சொன்ன நாள் பிரச்சினையை விட்டாலும், என் பழைய பரிசோதனைக்கு இந்தக் குறையும் இருந்தது.

மற்ற நான்கும் இருபடியைத் தாங்கும். இரண்டாவது 4–4–4: 100, 200, 300 இல் நான்கு நான்கு வாளி. மூன்றாவது 3–6–3: அதே மூன்று அளவு, நடுவில் ஆறு. நான்காவது சமபரவல்: 100, 140, 180, 220, 260, 300 என ஆறு அளவு, ஒவ்வொன்றிலும் இரண்டு. ஐந்தாவது 3–1–4–1–3: 100 இல் மூன்று, 150 இல் ஒன்று, 200 இல் நான்கு, 250 இல் ஒன்று, 300 இல் மூன்று.

எக்செல்லில் மூன்று நிரல் போடுங்கள். முதலாவது முழுக்க 1, இரண்டாவது குறியீட்டு உப்பு, மூன்றாவது அதன் வர்க்கம். பன்னிரண்டு வரி வரும். அந்தத் தாயத்தை டிரான்ஸ்போஸ் (TRANSPOSE) செய்து எம்மல்ட் (MMULT) மூலம் தன்னோடு பெருக்கினால் மூன்றுக்கு மூன்று தாயம் ஒன்று கிடைக்கும். அதன் துணிகோவையை (முழுத் தாயத்திலிருந்தும் கணக்கிடும் ஒரு எண்) எம்டிடெர்மும் (MDETERM), நேர்மாறை எம்இன்வர்ஸும் (MINVERSE) தரும். லிப்ரே ஆபிசிலும் இதே பெயர்கள்தான். 4–4–4 க்குத் துணிகோவை 256 வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு வரியைப் பிழையாக அடித்திருக்கிறீர்கள், தேடிப் பாருங்கள்.

நேர்மாறின் மூலைவிட்டத்தில் இருப்பவை மாறிலி, சாய்வு, வளைவு மூன்றின் மாறற்றிறன்கள். ஏதாவது ஒரு உப்பளவில் எதிர்வுகூறலின் மாறற்றிறன் வேண்டுமா? அந்த அளவுக்குரிய வரியை (1, குறியீடு, வர்க்கம்) நேர்மாறின் இரு பக்கமும் வைத்துப் பெருக்குங்கள். எனக்கு வந்த எண்கள் இவை:

4–4–4: துணிகோவை 256. வளைவின் மாறற்றிறன் 0.375. எதிர்வுகூறல் நடுவில் 0.250, நுனியில் 0.250, வீச்சு முழுக்கச் சராசரி 0.200.

3–6–3: துணிகோவை 216. வளைவு 0.333. நடுவில் 0.167, நுனியில் 0.333, சராசரி 0.178.

சமபரவல்: துணிகோவை 128. வளைவு 0.523. நடுவில் 0.197, நுனியில் 0.411, சராசரி 0.199.

3–1–4–1–3: துணிகோவை 203. வளைவு 0.384. நடுவில் 0.196, நுனியில் 0.318, சராசரி 0.185.

இவற்றை வாசிக்க நான்கு அளவுகோல் இருக்கின்றன. துணிகோவை பெரிதாக இருப்பது நல்லது என்பது டி அளவுகோல். மூன்று குணகங்களையும் ஒன்றாகப் பார்த்து அவற்றின் நிச்சயமின்மையின் கனவளவைச் சுருக்குகிறது. மூலைவிட்டக் கூட்டுத்தொகை சிறிதாக இருக்கவேண்டும் என்பது ஏ அளவுகோல். எதிர்வுகூறலில் மிக மோசமான இடம் எவ்வளவு மோசம் என்று பார்ப்பது ஜி. வீச்சு முழுக்கச் சராசரி எவ்வளவு என்று பார்ப்பது ஐ. டி படியும் ஜி படியும் இங்கே 4–4–4 வெல்கிறது. இது தற்செயல் இல்லை. வாளிகளை விகிதங்களாக எண்ணும்போது டி யும் ஜி யும் ஒரே வடிவமைப்பையே காட்டும் என்று கீஃபரும் வூல்ஃபோவிட்ஸும் 1960 இல் நிறுவினார்கள். ஏ படியும் ஐ படியும் 3–6–3 வெல்கிறது.

இரண்டு வடிவமைப்பை ஒரே எண்ணில் ஒப்பிட, துணிகோவைகளின் விகிதத்தை எடுத்துக் குணகங்களின் எண்ணிக்கைக்கேற்ற மூலம் காணுங்கள். நமக்கு மூன்று குணகம், ஆகவே கனமூலம். சமபரவலுக்கு 128 ஐ 256 ஆல் வகுத்துக் கனமூலம் எடுத்தால் ஏறத்தாழ 0.79. அதன் பொருள், சமபரவலின் பன்னிரண்டு வாளி 4–4–4 இன் ஒன்பதரை வாளிக்குத்தான் சமம். இரண்டரை வாளி மீனும் உப்பும் உழைப்பும் வீண். 3–6–3 க்கு 0.94, 3–1–4–1–3 க்கு 0.93.

புதியவர்கள் கைபோக்கில் எழுதும் திட்டம் பெரும்பாலும் சமபரவல்தான். "எல்லா இடத்திலும் பார்த்துவிட்டேன்" என்ற திருப்தி அதில் இருக்கிறது. சராசரி எதிர்வுகூறலில் அது 4–4–4 ஐ விட மோசமும் இல்லை, 0.199 க்கும் 0.200 க்கும் என்ன வித்தியாசம்? ஆனால் நுனியிலும் வளைவிலும் நன்றாகத் தோற்கிறது. உங்கள் கேள்வி "300 கிராம் பக்கம் போனால் பிரயோசனம் உண்டா" என்றால், அதற்குப் பதில் இருக்கும் நுனியிலேயே சமபரவல் உங்களைக் கைவிடும்.

அப்படியானால் 4–4–4 தானே? அவசரப்படாதீர்கள். அந்த வடிவமைப்பு இருபடிதான் உண்மை என்று முழுதாக நம்பி எல்லாவற்றையும் மூன்று இடத்தில் கொட்டுகிறது. மூன்று புள்ளி வழியாக ஒரு இருபடி எப்போதும் கச்சிதமாகப் போகும். ஆகவே மாதிரி பிழை என்றாலும் தரவு அதைக் காட்டிக்கொடுக்காது. 220 கிராமில் திடீரென்று ஒரு தட்டை வந்தால் 4–4–4 க்குத் தெரியவே தெரியாது. 3–6–3 க்கும் இதே குறைதான். சமபரவலில் ஆறு அளவு இருப்பதால் பொருந்தாமையைச் சோதிக்க மூன்று சுயாதீனப் படிகள் (மூன்று குணகங்களுக்கும் போக மீதமிருக்கும் தகவல்) மிஞ்சும். 3–1–4–1–3 இல் இரண்டு மிஞ்சும், அதோடு மீள்செய்கையிலிருந்து தூய வழுவை மதிப்பிட ஏழு படிகள் கிடைக்கும்.

நான் யாருக்கும் முதலில் சொல்வது 3–1–4–1–3 மாதிரியான திட்டத்தைத்தான். ஏழு சதவீதத் திறனைக் கொடுத்து, "என் மாதிரியே பிழையோ" என்று கேட்கும் உரிமையை வாங்குகிறோம். முதல் தடவை ஒரு பொருளைத் தொடுபவருக்கு அது மலிவு. அதே மீனில், அதே வாடியில் ஏற்கெனவே பலமுறை செய்து வளைவின் வடிவம் நன்றாகத் தெரிந்தவர் 4–4–4 க்குப் போகலாம், தவறில்லை.

இன்னொன்றையும் இந்த எண்களிலிருந்து முன்கூட்டியே பார்க்கலாம். ஒரே உப்பில் போட்ட வாளிகள் தங்களுக்குள் இரண்டு சதவீதப் புள்ளி அளவு ஆடும் என்று வைத்துக்கொள்வோம். அது நியமவிலகல். 3–1–4–1–3 இல் வளைவுக் குணகத்தின் நியமவழு 2 ஐ 0.384 இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும், கிட்டத்தட்ட 1.24. ஆகவே உண்மையான வளைவு இரண்டரைப் புள்ளிக்கும் குறைவு என்றால் இந்தப் பன்னிரண்டு வாளியில் அதை நம்பிக்கையோடு காண்பது கஷ்டம். அந்தச் சின்ன வளைவு உங்களுக்கு முக்கியம் என்றால் வாளியைக் கூட்டுங்கள், அல்லது எடை எடுக்கும் முறையைத் திருத்தி அந்த 2 ஐக் குறையுங்கள். நிறுக்குமுன் மீனில் ஒட்டிய மணலையும் உப்புப் பொருக்கையும் ஒரே மாதிரி தட்டி எடுத்தாலே அந்த எண் குறையும்.

ஆறாம் படி: நாளைப் பிரித்து, ஒழுங்கைக் குலுக்குங்கள்

பன்னிரண்டு வாளியையும் ஒரே நாளில் காயவைக்க இடமில்லை, நாளுக்கு ஆறுதான் முடியும் என்றால் நாளைத் தொகுதியாக எடுக்கவேண்டும். ஒவ்வொரு நாளிலும் உப்பின் எல்லாப் பக்கமும் இருக்கும்படி பிரியுங்கள். 4–4–4 அழகாகப் பிரியும், நாளுக்கு இரண்டு இரண்டு இரண்டு. 3–1–4–1–3 க்குக் கொஞ்சம் மூளை வேண்டும், ஏனென்றால் நுனியில் மூன்று மூன்று.

முதல் நாளுக்கு 100, 100, 300 கொடுங்கள், இரண்டாம் நாளுக்கு 100, 300, 300. இரண்டு நாளுக்கும் 200 இல் இரண்டு வாளி. மிஞ்சியிருப்பது ஒரு 150, ஒரு 250. முதல் நாள் உப்புக் குறைந்த பக்கம் சாய்ந்திருப்பதால் அதற்கு 250 ஐக் கொடுத்துச் சமன் செய்யுங்கள், 150 இரண்டாம் நாளுக்குப் போகட்டும். முதல் நாள் சராசரி 192 கிராம் அளவில், இரண்டாம் நாள் 208 அளவில். குறியீட்டில் கூட்டுத்தொகை −0.5, +0.5. வர்க்கங்களின் கூட்டுத்தொகை இரு நாளும் 3.25. அதாவது வளைவு நாளால் துளியும் பாதிக்கப்படாது, சாய்வு மிகச் சிறிதளவே பாதிக்கப்படும். நாளுக்கு ஒரு குணகத்தைக் கூடுதலாகச் சேர்த்து ரிக்ரெஷனை ஓட்டினால் கச்சான் அடித்தாலும் அது அந்தக் குணகத்துக்குள் போய்விடும், உப்பின் கணக்கில் கைவைக்காது. என் பழைய திட்டத்தில் இதே நாள் குணகத்தைச் சேர்த்துப் பாருங்கள்: துணிகோவை பூச்சியம், நேர்மாறே இல்லை.

நாளுக்குள் எந்த வாளி எந்த இடத்தில் காய்வது என்பதைக் குலுக்கல் போட்டு எடுங்கள். கடல் பக்கம் விரித்த கிடுகுக்கும் வேலி ஓரக் கிடுகுக்கும் காற்று ஒன்றாக இராது. ஆறு துண்டுக் கடதாசியில் எழுதி ஒரு சிரட்டையில் போட்டு எடுத்தால் போதும். "கண்ணை மூடிக்கொண்டு நானே கலந்து வைக்கிறேன்" என்பது எழுமாற்று ஆகாது. கை பழக்கப்பட்ட இடத்துக்கே போகும். இந்தக் குலுக்கலின் அவசியத்தை 1920களில் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் இருந்து ரொனால்ட் ஃபிஷர் வலியுறுத்தினார். அவருடைய வயல் துண்டுகளுக்கும் நம் கிடுகுகளுக்கும் பிரச்சினை ஒன்றே, பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

ஏழாம் படி: இரண்டாவது காரணி வந்தால்

உப்போடு வெயில் மணித்தியாலத்தையும் பார்க்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலரும் செய்வது, ஒன்றைப் பிடித்துவைத்து மற்றதை மாற்றுவது. குறைந்த உப்பு குறைந்த வெயிலில் ஒரு வாளி, உப்பை மட்டும் கூட்டி ஒரு வாளி, வெயிலை மட்டும் கூட்டி ஒரு வாளி. மூன்று வாளியில் முடிந்தது போலிருக்கும். ஆனால் ஒவ்வொரு தாக்கமும் ஒரு வாளிக்கும் இன்னொரு வாளிக்கும் உள்ள வித்தியாசம், அதன் மாறற்றிறன் 2. நான்கு மூலையிலும் ஒரு வாளி வைத்தால் உப்பின் தாக்கத்துக்கு இரண்டுக்கு இரண்டு, வெயிலின் தாக்கத்துக்கும் அதே நான்கும் இரண்டுக்கு இரண்டு. மாறற்றிறன் 1. அந்தத் துல்லியத்தைப் பழைய முறையில் பெற ஆறு வாளி வேண்டும், அப்போதும் உப்பும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை தெரியவராது. கருவாட்டில் அந்தச் சேர்ந்த வேலைதான் சுவாரசியமானது: உப்பு நன்றாகப் பிடித்த மீனுக்கு வெயில் தேவை குறைவு.

உப்பும் வெயிலும் சேர்ந்தே கூடி, சேர்ந்தே குறைகிற தரவில் இந்தச் சிக்கல் இன்னும் மோசமாகும். இரண்டுக்கும் இடையே இணைபு 0.9 என்றால் ஒவ்வொரு குணகத்தின் மாறற்றிறனும் ஐந்து மடங்குக்கு மேல் ஊதும். நான்கு மூலை வடிவமைப்பில் இணைபு பூச்சியம்.

வளைவும் வேண்டுமென்றால் இரண்டு காரணிக்கு ஆறு குணகம், மூன்று காரணிக்குப் பத்து. பொக்ஸும் வில்சனும் 1951 இல் தந்த மத்திய கூட்டு வடிவமைப்பு மூலைகளோடு அச்சுப் புள்ளிகளையும் நடுப்புள்ளிகளையும் சேர்க்கிறது. இரண்டு காரணிக்கு நான்கு மூலை, நான்கு பக்க நடு, மையத்தில் நான்கு என்று வைத்தால் அதே பன்னிரண்டு வாளி. மூன்று காரணிக்குப் பொக்ஸ்–பென்கென் வடிவமைப்பும் இருக்கிறது, 1960 இல் வந்தது. பன்னிரண்டு விளிம்பு நடுப்புள்ளி, மையத்தில் மூன்று, மொத்தம் பதினைந்து. அது மூலைகளைத் தொடவே தொடாது. உப்பும் உச்சம், வெயிலும் உச்சம் என்றால் மீன் நொறுங்கிப்போகும், அந்த மூலைக்கு நீங்கள் போகவே விரும்பாவிட்டால் இது நல்ல தெரிவு. ஆனால் மூலையில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி என்றால் இதை எடுக்காதீர்கள்.

ஒரு மூலை மட்டும் செய்ய முடியாதது என்றால், செய்யக்கூடிய புள்ளிகளை எல்லாம் ஒரு பட்டியலாகக் கொடுத்து டி அளவுகோலால் தேடச் சொல்லலாம். ஆர் மென்பொருள் இலவசம், அதில் அல்க்டிசைன் என்ற தொகுப்பு இதைச் செய்யும். அது தருவதை அப்படியே எடுக்காமல், மேலே சொன்ன நுனி, நடு, சராசரி மூன்றையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சூரிய உலர்த்தி ஒன்றில் வெப்பநிலையை மாற்றுகிறீர்கள், ஒரு தடவைக்கு ஆறு வாளி உள்ளே போகிறது என்றால் கவனம். வெப்பநிலைக்கு அலகு உலர்த்தியின் ஒரு ஓட்டம், உப்புக்கு அலகு வாளி. இரண்டு ஓட்டம் மட்டும் செய்து பன்னிரண்டு வாளியையும் வெப்பநிலைக்குப் பன்னிரண்டாக எண்ணுவது இரண்டாம் படியில் சொன்ன அதே தவறு. இதற்கு ஸ்பிளிட் பிளாட் என்ற தனி வகை இருக்கிறது, அதன்படி பகுப்பாய்வு செய்யவேண்டும்.

எட்டாம் படி: வேலை நாள்

வாளியில் உப்பளவை எழுதாதீர்கள், இலக்கத்தை மட்டும் பெயின்டால் எழுதுங்கள். எந்த இலக்கத்துக்கு எவ்வளவு உப்பு என்ற பட்டியல் நிறுப்பவர் கையில் இருக்கக்கூடாது. 300 கிராம் என்று தெரிந்தால் தராசின் முள் ஆடும்போது கண் தனக்குப் பிடித்த பக்கம் சாயும். ஒவ்வொரு வாளிக்கும் மீனின் ஆரம்ப எடை, உப்புப் போட்ட நேரம், கழுவிய நேரம், விரித்த கிடுகு, அன்றைய காற்று, எடுத்த நேரம் எல்லாம் அதே வரியில் பதியுங்கள்.

ஏதாவது ஒரு வாளி கெட்டுப்போகும். காகம் தூக்கும், பூனை வரும், திடீர் மழையில் ஒரு கிடுகை எடுக்கப் பிந்தும். அந்த வரியை "இழப்பு" என்று எழுதி, காரணத்தையும் எழுதி விட்டுவிடுங்கள். பக்கத்து வாளியைப் பார்த்து ஒரு எண்ணை நிரப்பாதீர்கள். எக்செல்லில் அந்த ஒரு வரியை அழித்து மற்றப் பதினொன்றோடு நேர்மாறைத் திரும்பக் கணக்கிட்டால், என்ன இழந்தீர்கள் என்று சரியாகத் தெரியும். 4–4–4 இல் ஒரு நுனி வாளி போனால் துணிகோவை 256 இலிருந்து 192 க்கு இறங்கும், கனமூலம் எடுத்தால் 91 சதவீதத் திறன் கையில் இருக்கிறது. அதை அறிக்கையில் ஒரு வரியாக எழுதிவிட்டு, மீதி வாளிகளை நிறுக்கத் தொடங்குங்கள்.